மீற்றர் சொல்வதும் காகிதம் சொல்வதும்: ஜப்பானிய ரீகண்டிஷன் கார் வாங்குவோருக்கு

இலங்கையில் ரீகண்டிஷன் கார், அதாவது ஜப்பானில் ஓடிவிட்டு வந்த பழைய கார், பார்க்கப் போகிறவர் கதவைத் திறந்ததும் முதலில் குனிந்து பார்ப்பது ஸ்டியரிங்குக்குப் பின்னால் மீற்றரில் ஒளிரும், கார் ஓடிய தூரத்தைக் காட்டும் அந்த எண்ணைத்தான். விற்பவருக்கும் இது நன்றாகத் தெரியும். காரின் விலையை ஒரே மூச்சில் பல இலட்சம் ரூபாய் உயர்த்தக்கூடியதும், மாற்றுவதற்கு மிகக் குறைந்த செலவும் நேரமும் பிடிப்பதும் அந்த எண்தான். பற்சக்கரங்களால் சுழன்ற பழைய மீற்றரைப் பின்னோக்கித் திருப்பினால் இலக்கங்கள் நேர்கோட்டில் நில்லாமல் மேலும் கீழுமாகக் கோணி, கூர்ந்து பார்ப்பவருக்குக் காட்டிக் கொடுத்துவிடும். இன்றைய டிஜிட்டல் மீற்றரில் ஓடிய தூரம் ஒரு சிறிய நினைவகச் சிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. உரிய கருவி உள்ளவர் அதை மாற்றி எழுதினால் திரையில் எந்தக் கோணலும் தெரியாது. குறைவாக ஓடிய வேறொரு காரிலிருந்து மீற்றரையே கழற்றி வந்து பூட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே மீற்றரில் தெரியும் எண்ணை விற்பவரின் கூற்றாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கூற்றைச் சரிபார்க்கும் வழி ஒன்றுதான்: கார் ஜப்பானில் இருந்தபோது, இன்றைய விற்பனையில் எந்த ஆதாயமும் இல்லாத ஒருவர் திகதியிட்டு எழுதி வைத்த வேறோர் எண்ணைத் தேடிப் பிடித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இந்தக் கட்டுரை அந்த எண்கள் எங்கே கிடைக்கும், அவற்றில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பற்றியது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இதனால் சந்தையில் இரண்டு வகைக் கார்கள் கலந்து நிற்கின்றன. ஒன்று, புதிதாக வந்திறங்கி இன்னும் பதிவு செய்யப்படாத கார். மற்றது, தடைக்கு முன்னர் வந்து இரண்டு மூன்று கைகள் மாறிய அக்வா, வெசல், வேகன் ஆர் போன்றவை. தடைக் காலத்தில் பழைய கார்களின் விலை ஏறியபோது, மீற்றரைக் குறைப்பதில் கிடைத்த இலாபமும் கூடவே ஏறியது. இரண்டு வகைக்கும் சரிபார்க்கும் முறை அடிப்படையில் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது வகையில் இங்கே ஓடிய தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

எண் எங்கே குறைகிறது

ஜப்பானுக்குள் மீற்றரைக் குறைத்து விற்பது எளிதல்ல. அங்கே பழைய கார்களில் பெரும்பகுதி ஏல நிலையங்கள் வழியாகவே கை மாறுகிறது. யூ.எஸ்.எஸ்., டொயோட்டாவின் டி.ஏ.ஏ. போன்ற ஏல நிலையங்கள் தம்மிடம் வரும் ஒவ்வொரு காரின் தூரத்தையும் பதிந்து வைக்கின்றன. ஏல நிலையங்களின் கூட்டமைப்பு அந்தப் பதிவுகளைச் சேர்த்து ஒரு பொதுத் தரவுத்தளமாக நடத்துகிறது. முன்னர் 70,000 கிலோமீற்றருடன் வந்த கார் அடுத்த வருடம் 40,000 கிலோமீற்றருடன் வந்தால் அந்தத் தரவுத்தளமே அதைப் பிடித்துக் கொடுக்கும். ஜப்பானியர் எல்லோரும் நேர்மையானவர்கள் என்று நம் ஊரில் சொல்லிக்கொள்வார்கள். நேர்மையைவிட, பொய் சொன்னால் அகப்படும் என்ற அச்சம்தான் அங்கே அதிகம் வேலை செய்கிறது என்பது என் எண்ணம்.

அந்த அச்சம் கார் ஏல நிலையத்தின் வாசலைத் தாண்டியதும் முடிந்துவிடுகிறது. ஏற்றுமதியாளரின் தரிப்பிடத்திலோ, இடையில் தங்கும் மூன்றாவது நாட்டிலோ, இங்கே விற்பனை நிலையத்துக்குப் பின்னாலுள்ள கராஜிலோ எண் மாறலாம். எங்கே மாறினாலும், மாறுவதற்கு முன்னர் எழுதப்பட்ட காகிதம் ஜப்பானில் இருக்கிறது.

ஷாக்கென் என்னும் பரிசோதனை

ஜப்பானில் ஒவ்வொரு காரும் ஷாக்கென் என்ற கட்டாயப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். 2004 ஜனவரி முதல் அந்தப் பரிசோதனையின்போது மீற்றர் காட்டிய தூரம் ஷாக்கென் சான்றிதழிலேயே, நூறுக்குக் கீழ்ப்பட்ட பகுதி விடப்பட்டு, திகதியுடன் அச்சிடப்படுகிறது. பின்னர் முந்தைய பரிசோதனையின் எண்ணும் சேர்ந்து இரண்டு எண்களாக வரத் தொடங்கின. கார் ஏற்றுமதிக்காகப் பதிவு நீக்கப்படும்போது வழங்கப்படும் ஏற்றுமதிச் சான்றிதழின் குறிப்புப் பகுதியிலும் இந்த எண்கள் இடம்பெறும். எனவே ஏற்றுமதிச் சான்றிதழைக் கையில் வாங்கியவுடன் பார்க்க வேண்டியது மேலேயுள்ள பெரிய கட்டங்களை அல்ல, கீழேயுள்ள குறிப்புகளை. அங்கே கிலோமீற்றர் என்ற சொல்லுக்கு முன் ஓர் எண்ணும், அதன் அருகே அடைப்புக்குறிக்குள் ஒரு திகதியும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அந்தத் திகதி பெரும்பாலும் ஜப்பானிய ஆண்டில்தான் இருக்கும். ஹெய்செய் ஆண்டுக்கு 1988ஐயும் ரெய்வா ஆண்டுக்கு 2018ஐயும் கூட்டினால் நமது ஆண்டு கிடைக்கும்: ஹெய்செய் 29 என்பது 2017, ரெய்வா 4 என்பது 2022. ஏலத்தாள்களில் இவை ஆங்கில எச், ஆர் எழுத்துகளால் சுருக்கமாகக் குறிக்கப்படும். ஜப்பானிய விளம்பரங்களைப் படிப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: அங்கே தூரத்தை ‘மன்’ என்ற அலகில் எழுதுவார்கள். ஒரு மன் 10,000. 8.3 மன் என்று எழுதியிருந்தால் அது 8,300 அல்ல, 83,000.

மூன்று ஆண்டு இடைவெளி

இங்கேதான் நம் நாட்டு வாங்குநர் பலர் வழுக்கி விழுகிறார்கள். புதிய தனியார் காருக்கு முதல் ஷாக்கென் மூன்று ஆண்டுகள் கழித்தே வருகிறது. அதன் பின்னர்தான் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. இலங்கையோ மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத கார்களைத்தான் இறக்குமதி செய்ய அனுமதிக்கிறது. அதாவது, நமக்கு வரும் தனியார் பாவனைக் கார் பெரும்பாலும் ஒரு ஷாக்கெனைக்கூடக் காணாமலே கப்பலேறி விடுகிறது. அதன் ஏற்றுமதிச் சான்றிதழில் தூரம் எழுதப்பட்டிருக்காது. எட்டுப் பத்து வருடப் பழைய கார்களை இறக்கும் நாடுகளில் ஏற்றுமதிச் சான்றிதழே போதிய சாட்சி. அந்த நாடுகளுக்காக எழுதப்பட்ட ஆலோசனையை அப்படியே இங்கே பின்பற்றினால், வெற்றுக் கட்டத்தைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று திரும்பி வருவோம்.

இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, அதுவும் நமக்குப் பயன்படும் விலக்கு. வாடகைக்கு விடப்பட்ட கார்களுக்கு முதல் ஷாக்கென் இரண்டாவது ஆண்டிலேயே வந்துவிடும், பின்னர் ஆண்டுதோறும். சரக்கு ஏற்றும் சிறு வான்களுக்கும் முதல் பரிசோதனை இரண்டாவது ஆண்டில்தான். ஆகவே மூன்று வயதுக்குக் குறைந்த ஒரு காரின் ஏற்றுமதிச் சான்றிதழில் தூரம் அச்சிடப்பட்டிருந்தால், அந்த எண்ணைக் குறித்துக்கொள்வதோடு, கார் வாடகைக்கு ஓடியதா என்றும் கேட்க வேண்டும். வாடகைக் கார் என்பதற்காக ஒதுக்கத் தேவையில்லை. முறையாகப் பராமரிக்கப்பட்ட வாடகைக் கார்கள் நிறைய உண்டு. ஆனால் அது குறைவாக ஓடிய கார் என்று யாராவது சொன்னால், அந்தச் சொல்லை உரசிப் பார்க்காமல் ஏற்கக் கூடாது.

பரிசோதனை காணாத காருக்கு வேறொரு சாட்சி இருக்கிறது. ஜப்பானியச் சட்டப்படி தனியார் கார்களுக்கு 12 மாதச் சோதனையும் 24 மாதச் சோதனையும் உண்டு. கார் நிறுவனங்களின் முகவர்கள் முதல் மாதத்திலும் ஆறாவது மாதத்திலும்கூடச் சோதித்துக் கொடுப்பார்கள். இவை அனைத்தும், செய்த நாளின் தூரத்துடன், பராமரிப்புப் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. கிரோகுபோ என்று அங்கே அழைக்கப்படும் இந்தப் பதிவேடு காரோடு சேர்ந்தே ஏலத்துக்கு வரும். டாஷ்போர்டுப் பெட்டியில் பயனர் கையேட்டோடு ஒரே உறையில் கிடக்கும். நம் விற்பனை நிலையங்களில் அது அடிக்கடி ‘காணாமல் போய்விடுகிறது’. கையேடும் உதிரித் திறப்பும் பத்திரமாக இருக்க, பதிவேடு மட்டும் தொலைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், அந்த இழப்பை நான் தற்செயலாக எண்ண மாட்டேன்.

ஏலத்தாளைப் படித்தல்

சந்தையில் எல்லோரும் ஒக்ஷன் ஷீட் என்று சொல்லும் ஏலத்தாள்தான் நமக்கு முதன்மைச் சான்று. ஏல நிலையத்தின் பரிசோதகர் காரைச் சுற்றிப் பார்த்து எழுதுவது அது. அவருக்கு அந்தக் காரை விற்றுத் தரவேண்டிய கட்டாயம் இல்லை. மாறாக, தவறாக எழுதினால் வாங்கியவர் முறையிடுவார் என்ற பொறுப்பு இருக்கிறது.

தாளில் முதலில் பார்க்க வேண்டியது காரின் நிலைக்குப் பரிசோதகர் இடும் மதிப்பெண்ணை அல்ல, தூரத்துக்கான கட்டத்தை. அந்த எண்ணுக்கு அருகில் ஏதாவது குறி இருக்கிறதா என்று பாருங்கள். நட்சத்திரக் குறி இருந்தால் மீற்றரில் கைவைக்கப்பட்டிருக்கிறது என்றும், டொலர் குறி இருந்தால் மீற்றர் மாற்றப்பட்டிருக்கிறது என்றும் பொருள் கொள்ளப்படுகிறது. குறியீடுகள் ஏல நிலையத்துக்கு ஏல நிலையம் சிறிது வேறுபடலாம் என்பதால், தாளை மொழிபெயர்ப்பவரிடம் அந்த நிலையத்தின் வழக்கத்தையே கேட்டறிய வேண்டும். மீற்றர் மாற்றம் எப்போதும் மோசடி அல்ல. பழுதான மீற்றரை முறைப்படி மாற்றிய கார்களுக்கு ஜப்பானில் மாற்றியதைக் குறிக்கும் ஒட்டுத்தாளைக் கதவுத் தூணில் ஒட்டுவார்கள். அந்த ஒட்டுத்தாளும் தாளிலுள்ள குறியும் ஒத்துப்போனால் விளக்கம் கேட்டு மேலே செல்லலாம்.

அடுத்து, தாளின் ஒரு மூலையில் காரின் பாவனை வரலாறு குறிக்கப்பட்டிருக்கும்: சொந்தப் பாவனையா, வாடகையா, வேறு தொழிலா என்று. மதிப்பெண்ணையும் தூரத்தையும் மட்டுமே கேட்டுப் பழகிய நம்மவர்கள் இந்தச் சிறு கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 4.5 என்பது நல்ல நிலை, 4 என்பதும் நல்ல நிலைதான், 3.5க்குக் கீழே வந்தால் கேள்வி கேட்க வேண்டும், ஆர் அல்லது ஆர்.ஏ. என்றால் மோதித் திருத்திய கார். தூரம் கூடினால் மதிப்பெண் ஓரளவுக்கு இறங்கும்; ஆகவே தூரத்தைத் திருத்துகிறவர் பல நேரங்களில் மதிப்பெண்ணையும் சேர்த்துத் திருத்துகிறார். உட்புறத்துக்குத் தனியாக ஏ, பி, சி, டி என்று இடப்படும் எழுத்தை மாற்ற மறந்துவிடுவதும் உண்டு. மதிப்பெண் 4.5, தூரம் 25,000, உட்புறம் சி என்று ஒரு தாள் வந்தால், அந்த மூன்றும் ஒரே காரைப் பற்றிப் பேசவில்லை என்று ஐயுறலாம்.

விற்பவர் கொடுக்கும் தாள் சான்று ஆகாது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். விற்பவர் கையிலிருந்து வரும் ஏலத்தாள், அது வண்ண அச்சாக இருந்தாலும் கைப்பேசியில் அனுப்பிய படமாக இருந்தாலும், அவருடைய மீற்றரைப் போலவே அவருடைய கூற்றுத்தான். தாளை நீங்களே, காரின் உலோகத்தில் பொறித்த அடையாள எண்ணான செசி இலக்கத்தைக் கொடுத்து, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு சரிபார்ப்புச் சேவையிடமிருந்து பெற வேண்டும். இணையத்தில் இவ்வாறான சேவைகள் பல இருக்கின்றன. கட்டணம் காரின் விலையோடு ஒப்பிட்டால் பொருட்டே அல்ல. விற்பவர் சொல்லும் இணையத்தளத்தையோ, அவர் தரும் அச்சில் உள்ள கியூ.ஆர். குறியையோ பயன்படுத்த வேண்டாம். உண்மையான தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளத்துக்கு அது கொண்டு போகக்கூடும்.

செசி இலக்கத்தையும் காகிதத்திலிருந்து எடுக்காதீர்கள், காரிலிருந்து எடுங்கள். ஜப்பானிய உள்நாட்டுக் கார்களுக்கு ஐரோப்பிய, அமெரிக்கக் கார்களைப் போல 17 எழுத்து இலக்கம் கிடையாது. மாடலின் குறியீடும் அதைத் தொடர்ந்து ஒரு தொடர் இலக்கமும் சேர்ந்ததுதான் இலக்கம். அக்வாவுக்கு என்.எச்.பி.10 என்றும், வெசல் ஹைபிரிட்டுக்கு ஆர்.யூ.3 என்றும் தொடங்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இதனால்தான் அமெரிக்க வாகன வரலாற்றுத் தளங்களில் இந்தக் கார்களைத் தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை. பல டொயோட்டாக்களில் முன்னிருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, கீழே தரைவிரிப்பில் வெட்டப்பட்ட சிறு மடிப்பைத் தூக்கினால் உலோகத்தில் பொறித்த இலக்கம் தெரியும். அதைப் படம் எடுத்து, ஒவ்வோர் எழுத்தாக வாசித்து, பதிவுப் புத்தகத்தோடும் ஏற்றுமதிச் சான்றிதழோடும் ஒப்பிடுங்கள்.

கிடைத்த அறிக்கையில் ஏலம் நடந்த திகதி, நிலையத்தின் பெயர், ஏல இலக்கம், காரின் படங்கள் ஆகியவை இருக்க வேண்டும். ஒரே கார் ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஏலத்துக்கு வந்திருக்கலாம். எல்லாப் பதிவுகளையும் கேளுங்கள். ஏலத்தில் எழுதிய எண்ணைவிட இன்றைய மீற்றர் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்க முடியும். ஏல நிலையத்திலிருந்து துறைமுகம், கப்பல், அம்பாந்தோட்டையில் இறக்கம், விற்பனை நிலையம் என்று புதிதாக வந்த கார் பொதுவாகச் சில பத்துக் கிலோமீற்றர்கள் தொடங்கி, சொந்தச் சில்லில் ஓட்டி வரப்பட்டிருந்தால் சில நூறு கிலோமீற்றர்கள் வரை ஓடியிருக்கும். ஏலத்தாளில் 41,287, மீற்றரில் 41,340 என்றால் அது இயல்பு. மீற்றரிலும் அதே 41,287 இருந்தால் ஒருகணம் நின்று யோசியுங்கள்: கப்பலிலிருந்து இறங்கிய கார் ஒரு கிலோமீற்றர்கூட ஓடாமல் எப்படி இங்கே வந்தது? தாளைப் பார்த்து மீற்றரைத் திருத்தியவர் அந்தச் சிறு வித்தியாசத்தை விட மறந்திருக்கலாம்.

ஓர் அக்வாவின் கதை

சில வருடங்களுக்கு முன், தடைக் காலத்தில், நண்பர் ஒருவருக்காக ஓர் அக்வா பார்க்கச் சென்றோம். 2015 ஆரம்பத்தில் முதற்பதிவு பெற்று, 2017 நடுப்பகுதியில் ஏலத்தில் வாங்கப்பட்டு இலங்கைக்கு வந்த கார். மீற்றரில் 96,000 இருந்தது. உரிமையாளர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், இரண்டாவது கை. தான் வாங்கியபோது கிடைத்த ஏலத்தாளின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். தாளில் 38,412 என்று இருந்தது. அப்படியானால் இங்கே ஏழு வருடத்தில் ஏறத்தாழ 57,600 கிலோமீற்றர். கணக்கு நன்றாகவே பொருந்தியது.

நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஒரு விடயம் உறுத்தியது. 412 என்ற மூன்று இலக்கங்களும் ஒரே கையின் ஓட்டத்தில் சற்றுச் சாய்ந்து இருந்தன. 3உம் 8உம் மட்டும் நிமிர்ந்து, அவற்றைச் சுற்றியிருந்த கட்டத்தின் கோடு மெலிதாக அறுந்து நின்றது. ஏற்றுமதிச் சான்றிதழின் நகலும் இருந்தது. ஆனால் நகல் எடுத்தவர் குறிப்புப் பகுதி விழாதபடி மேற்பாதியை மட்டும் எடுத்திருந்தார். செசி இலக்கத்தைக் கொடுத்து நாங்களே பெற்ற அறிக்கையில் எண் 83,412. பாவனை வரலாற்றுக் கட்டத்தில் வாடகை என்பதைச் சுற்றி வட்டமிடப்பட்டிருந்தது. மோசடி செய்தவர் புதிய எண்ணைக்கூடக் கற்பனை செய்யவில்லை, இருந்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றியதோடு வேலையை முடித்திருந்தார்.

கார் உண்மையில் ஓடியது ஏறத்தாழ 141,000. அக்வா போன்ற ஹைபிரிட் காரில் இந்த வித்தியாசம் வெறும் எண் அல்ல, ஹைபிரிட் பற்றரியின் எஞ்சிய ஆயுள். அந்த ஆசிரியர் எங்களை ஏமாற்ற நினைக்கவில்லை. அவர்தான் முதலில் ஏமாந்தவர். அறிக்கையை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தோம். வீட்டு வாசலில் நின்று அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, ‘தம்பி, நான் இவ்வளவு காலமும் ஒயில் மாத்தினதெல்லாம் பிழையான கணக்கிலையோ?’ என்று கேட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது: விற்பவர் நல்லவர் என்பது மீற்றர் உண்மை என்பதற்குச் சான்றல்ல. பதிவு செய்த காரை வாங்குபவர், இங்கே ஓடிய தூரத்துக்கு இங்குள்ள சேவை நிலையச் சிட்டைகளையும், அதற்கு முந்தைய தூரத்துக்கு ஜப்பானிய அறிக்கையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

காரைப் பார்த்தல்

காகிதம் கிடைக்காத காரும் உண்டு. எல்லாக் கார்களும் ஏலம் வழியாக வருவதில்லை. ஜப்பானிய விற்பனையாளரிடம் நேரடியாக வாங்கிய காருக்கு ஏலத்தாள் இருக்காது. அப்போது பராமரிப்புப் பதிவேட்டோடு காரின் உடலையும் வாசிக்க வேண்டியிருக்கும். காகிதம் இருந்தாலும் இதைச் செய்வது நல்லது.

டயரிலிருந்து தொடங்குங்கள். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். 2022இல் தயாரித்து 20,000 கிலோமீற்றர் மட்டுமே ஓடியதாகச் சொல்லப்படும் காரில், தொழிற்சாலையில் பூட்டிய டயர்களே இன்னும் இருக்க வேண்டும். நான்கும் 2024இல் செய்தவை என்றால், முதல் நான்கும் எங்கே போயின என்று கேளுங்கள். இங்கே வந்த பின் அழகுக்காகப் புது டயர் போட்டோம் என்ற பதில் வரும். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். உதிரிச் சில்லு உள்ள காரானால் அதன் திகதியையும் பாருங்கள்.

அடுத்து, ஓட்டுநரின் கையும் காலும் படும் இடங்கள். பிரேக் மிதியின் ரப்பர் விளிம்பு மழுங்கியிருக்கிறதா, அல்லது வயதான காரில் அது மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறதா? இரண்டும் ஐயத்துக்குரியவை. ஸ்டியரிங்கின் மேல் பகுதியில் தோலின் நுண்ணிய புள்ளிகள் தேய்ந்து பளபளப்பது, ஓட்டுநர் இருக்கையின் வெளிப்புற விளிம்பு நசுங்கிச் சுருங்குவது, ஓட்டுநர் பக்கக் கண்ணாடிச் சுவிட்சின் எழுத்து மங்குவது, இருக்கைப் பட்டியின் ஓரம் பஞ்சாகப் பிரிவது எல்லாம் 30,000 கிலோமீற்றரில் நடப்பவை அல்ல. ஸ்டியரிங் உறையும் இருக்கை உறையும் போட்டிருந்தால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இந்த அடையாளங்களில் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பருமனான ஒருவர் ஓட்டிய கார் இருக்கையில் கூடுதலாகத் தேயும். மூன்று நான்கு அடையாளங்கள் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டுமே அவை சாட்சியாகின்றன.

ஓட்டுநர் கதவைத் திறந்து அதன் விளிம்பையும் தூணையும், பிறகு பொனட்டைத் திறந்து உள்ளேயும் பாருங்கள். ஜப்பானியக் கராஜ்கள் ஒயில் மாற்றிய திகதியையும் தூரத்தையும் எழுதிச் சிறு ஒட்டுத்தாள் ஒன்றை அங்கே ஒட்டுவது வழக்கம். ஜப்பானிய எழுத்து விளங்கத் தேவையில்லை. இலக்கங்கள் நம்முடைய இலக்கங்களே. மீற்றரில் 35,000 இருக்க, ஒட்டுத்தாளில் 52,000 என்று எழுதியிருந்த காரை நான் பார்த்திருக்கிறேன். மீற்றரைத் திருத்தியவர் கதவைத் திறந்து பார்க்கவில்லை. ஒட்டுத்தாள் இருந்த இடத்தில் பசையின் நீள்சதுரத் தடம் மட்டும் எஞ்சியிருப்பதும் ஒரு செய்திதான்.

பின்னர் காரைக் கணினிச் சோதனைக்கு எடுத்துச் செல்லுங்கள், விற்பவர் பரிந்துரைக்கும் இடத்துக்கு அல்லாமல் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம். சில கார்களில் ஓடிய தூரம் மீற்றருக்கு வெளியே வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிந்திருக்கும், அல்லது பழைய பழுதுக் குறியீடு ஒன்றோடு அப்போதைய தூரம் சேமிக்கப்பட்டிருக்கும். எல்லாக் கார்களிலும் இது கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதால் மீற்றர் சரி என்று ஆகிவிடாது. ஹைபிரிட் காரானால் பற்றரித் தொகுதிகளின் மின்னழுத்த வித்தியாசத்தையும் ஓட்டத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பற்றரி மாற்றப்பட்டிருக்காவிட்டால், அதன் நிலையும் ஒரு சாட்சிதான்.

கப்பலேற்றுவதற்கு முன் ஜப்பானில் பெறும் ஆய்வுச் சான்றிதழைக் காட்டி, இதில் எல்லாம் உறுதி செய்யப்பட்டிருக்கிறது என்று சில விற்பனையாளர் வாதிடுவார்கள். அந்தச் சான்றிதழ் ஆய்வு நடந்த அன்று மீற்றரில் என்ன இருந்தது என்பதைச் சொல்கிறதா, அல்லது பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுத் தூரம் சரிபார்க்கப்பட்டது என்பதைச் சொல்கிறதா என்று பிரித்து வாசியுங்கள். ஜெவிக் போன்ற ஆய்வு நிறுவனங்கள் தூரச் சரிபார்ப்பைத் தனிச் சேவையாகச் செய்கின்றன. முதலாவது வகைச் சான்றிதழ், ஏற்கெனவே குறைக்கப்பட்ட எண்ணையும் அப்படியே எழுதிவிடும்.

ஓடர் கொடுத்து வரவழைப்பவர்கள்

இறக்குமதியாளர் மூலம் காரை வரவழைப்பவருக்கு ஒரு வசதி உண்டு: கேட்க வேண்டியதை ஏலத்துக்கு முன்னரே கேட்கலாம். விலை கூறுவதற்கு முன் ஏலத்தாளின் மூலப்படத்தையும் ஏல நிலையம், ஏல இலக்கம், ஏல நாள் ஆகியவற்றையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பராமரிப்புப் பதிவேட்டை அகற்றாமல் அனுப்ப வேண்டும் என்றும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். வங்கி மூலம் பணம் செலுத்துவதற்கான நாணயக் கடிதம் (எல்.சி.) திறந்த பிறகு, அந்தக் கார் கிடைக்கவில்லை, அதைப் போன்ற வேறொன்று கிடைத்திருக்கிறது என்று சொன்னால், புதிய காருக்குச் சரிபார்ப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய தாளின் நற்பெயரை அதற்கு இரவல் கொடுக்கக் கூடாது.

எழுத்தில் பெற வேண்டியது

முற்பணம் கொடுக்கும்போது தரப்படும் பற்றுச்சீட்டில் பெரும்பாலும் காரின் பெயரும் தொகையும் மட்டுமே இருக்கும். விற்பனை நிலையத்தின் சுவரிலோ பற்றுச்சீட்டின் பின்புறத்திலோ, ‘மீற்றர் தூரத்துக்கு நாம் பொறுப்பல்ல’ என்ற வரி பொடி எழுத்தில் ஒளிந்திருக்கவும் கூடும். அந்த வரியை வெட்டிவிட்டு, இவ்வாறு எழுதிக் கையொப்பம் பெறுங்கள்: ‘மேற்குறித்த செசி இலக்கத்தைக் கொண்ட இவ்வாகனம் ஏலத்தில் விற்கப்பட்டபோது அதன் மீற்றர் காட்டிய தூரம் இன்ன கிலோமீற்றர் என்பதை விற்பனையாளர் உறுதி செய்கிறார். இது தவறென்று ஜப்பானிய ஏலப் பதிவால் நிரூபிக்கப்பட்டால், பெற்ற முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்து வாகனத்தைத் திரும்பப் பெறுவார்.’ கையொப்பமிடுபவர் முகாமையாளரா, வெறும் தரகரா என்பதையும், நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். காரின் மீற்றரையும் செசி இலக்கத்தையும் அன்றே திகதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

நேர்மையான விற்பனையாளர் இதற்குக் கோபிப்பதில்லை. ஏலத்தாளைத் தானே சரிபார்த்து வைத்திருப்பவருக்குக் கையொப்பமிடுவதில் இழப்பு ஏதும் இல்லை. வாய்ச்சொல்லில் சத்தியம் செய்துவிட்டு எழுத்தில் தர மறுப்பவரிடம் விலை பேசுவதை நான் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன், கார் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

வாங்கிய பிறகு மோசடி தெரியவந்தால், முதலில் காரைப் பிரிக்கவோ மீற்றரைக் கழற்றவோ வேண்டாம். இருக்கும் நிலையிலேயே படம் எடுத்து, சுயாதீன ஏல அறிக்கையைப் பெற்று, விற்பவருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். வணிக நிறுவனத்திடம் வாங்கியிருந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வணிகர் ஒருவர் மக்களைத் தவறாக வழிநடத்துவதையும் பொய்யான விவரம் கூறுவதையும் தடை செய்கிறது. அந்த அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடலாம். நாட்களைக் கடத்தாதீர்கள், முறைப்பாட்டுக்குக் கால எல்லை உண்டு. தனியாரிடம் வாங்கியிருந்தால் வழி நீதிமன்றத்தினூடாகத்தான், அங்கே பேசப்போவது மேலே சொன்ன அந்தக் கையொப்பமிட்ட இரண்டு வரிகளும் உங்கள் பெயரில் நீங்களே பெற்ற ஏல அறிக்கையுமே.